பகிர்ந்து வேலை பார்க்கும் இடங்களை எப்படி வகை பிரிப்பது?

பொங்கோல் பாரி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. "சிங்கப்பூரில் நல்ல கோவொர்க்கிங் இடம் எது?" என்ற கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. வரும் பதில்களோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றன. ஒருவர் ராஃபிள்ஸ் பிளேஸில் பூட்டுப் போட்ட இருவர் அறையைச் சொல்கிறார். அடுத்தவர் விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தைச் சொல்கிறார். இன்னொருவர் கடிதம் மட்டும் வந்து சேரும் முகவரிச் சேவையைச் சொல்கிறார். கேட்டவர் குழம்பிப் போய், கண்ணில் முதலில் பட்ட விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிடுகிறார்.

புதிதாகத் தொழில் தொடங்கும் நம்மவர்களுக்கு உதவும்படி ஒரு வகைப்பாட்டை எழுதி இந்தப் பகுதியின் மேலே ஒட்டி வைக்க ஆசைப்படுகிறேன். நானும் என் தம்பியும் தமிழ்ப் பக்க வடிவமைப்பும் மொழிபெயர்ப்பும் செய்கிறோம். பல இடங்களில் உட்கார்ந்து வேலை பார்த்ததில் எனக்குத் தோன்றியது இதுதான்: பெயர்ப்பலகையை வைத்துப் பிரித்தால் ஒன்றும் விளங்காது. "சமூகம்", "ஸ்டுடியோ", "ஹப்", "கிளப்" என்று யார் வேண்டுமானாலும் பலகை வைக்கலாம். எதை, யாரோடு, எவ்வளவு நேரம் பகிர்கிறோம் என்று பார்த்தால்தான் உண்மையான வேறுபாடு தெரியும்.

எனக்கு உதவும் முதல் கேள்வி ஒன்று உண்டு. இன்று மாலை மேசைமேல் விட்டுப்போகும் பொருள் நாளைக் காலையும் அங்கேயே இருக்குமா? இருக்கும் என்றால் அது ஒரு வகை. இருக்காது என்றால் வேறு வகை. ஹாட் டெஸ்க், அதாவது யாருக்கும் சொந்தமில்லாமல் வந்தவர் உட்காரும் மேசை இருக்கும் இடங்களில் மாலையானால் மேசையைத் துடைத்தாற்போல் காலி செய்ய வேண்டும். நான் போகும் இடத்தில் ஆறரை மணிக்கு ஒருவர் தள்ளுவண்டியோடு வருவார். மறந்துவிட்ட சார்ஜர், தண்ணீர் போத்தல், குளிருக்குப் போடும் சட்டை எல்லாவற்றையும் எடுத்து முன்மேசைக்குப் பின்னால் இருக்கும் பெட்டியில் போடுவார். அதே மாடியில் பத்தடி தள்ளி நிரந்தர மேசை வைத்திருப்பவருக்கு இரண்டு திரை, குழந்தையின் படம், செடித்தொட்டி, எல்லாம் அப்படியே இருக்கும். இருவருக்கும் ஒரே வைஃபை, ஒரே காப்பி இயந்திரம், ஒரே கழிப்பறை. ஆனால் இருவரும் வாங்கியிருப்பது வெவ்வேறு பொருள்.

இதை வைத்துத் தொடங்கலாமா? உங்கள் தொழிலிலிருந்து சொல்லுங்கள்.

கிளமெண்டி கதிர் எழுதியது:

நல்ல முயற்சி பாரி. ஆனால் பொருளை வைத்து மட்டும் பிரித்தால் இந்த இடங்கள் எதற்காகப் பிறந்தனவோ அது விட்டுப்போகும். ஆட்களை வைத்தும் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். ரீஜஸ் 1989ல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கியது. ஊர் விட்டு ஊர் வந்து வியாபாரம் செய்பவர் ஹோட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு மேசை, தொலைபேசி, வரவேற்பாளர் எல்லாம் தயாராக இருக்கும் அறை ஒன்றை வாடகைக்கு விட்டார்கள். பக்கத்து அறையில் யார் இருக்கிறார் என்பது அங்கே யாருக்கும் தேவையில்லை. அது செர்விஸ்டு ஆபிஸ்.

2005ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்ற மென்பொருளாளர் தொடங்கியது வேறு. வேலையில் இருந்தால் கூட இருப்பவர்கள் கிடைக்கிறார்கள், தனியாக வேலை பார்த்தால் சுதந்திரம் கிடைக்கிறது, இரண்டும் சேர்ந்து கிடைக்காதா என்பதுதான் அவருடைய தவிப்பு. கோவொர்க்கிங் என்று இன்று நாம் சொல்வது அங்கிருந்து வந்தது. அதற்கும் முன்னால் 1995லேயே பெர்லினில் சி-பேஸ் இருந்தது. அது ஹேக்கர்ஸ்பேஸ், கணினி ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் இடம். வாடகை, கருவி, சாவி எல்லாம் உறுப்பினர்களுடையது.

சிங்கப்பூரில் ஹேக்கர்ஸ்பேஸ் எஸ்ஜி 2009ல் புசோரா ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றின் மாடியில் தொடங்கி, பிறகு கிங் ஜார்ஜஸ் அவென்யூவுக்குப் போனது. வேலை முடித்து மாலையில் அங்கே போய் உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன். முன்மேசையே கிடையாது. கதவைத் தட்டினால் யார் கிட்டத்தில் இருக்கிறாரோ அவர் திறப்பார். குப்பை நிறைந்தால் பார்த்தவர் எடுத்துப் போட வேண்டும். ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு பெருமூச்சு விட்டால் எதிர் சோபாவில் இருப்பவர் "என்ன ஆச்சு?" என்று எழுந்து வருவார். உங்கள் கேள்வியை இங்கே கேட்டால், விட்ட பொருள் நாளைக்கு இருக்கும், ஆனால் வேறு யாராவது அதைப் பயன்படுத்திக்கொண்டிருப்பார்! இதை நிரந்தர மேசைக்காரரோடு ஒரே வகையில் போடுவீர்களா?

எனக்கு அடிப்படைக் கேள்வி இதுதான்: பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பெயரும் வேலையும் உங்களுக்குத் தெரியுமா?

யீஷூன் வாசகி எழுதியது:

கதிர் அண்ணா, அந்தக் கேள்வியை வைத்தால் என்னைப் போன்றவர்கள் எங்கே போவது? நான் பிழை திருத்தும் வேலை பார்க்கிறேன். யாரும் என்னோடு பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தேவை. நூலகத்தில் எனக்கு அது கிடைக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரின் பெயர் தெரியாது, ஆனால் அவர் எழுதுவதைப் பார்த்து எனக்கும் வேலை ஓடுகிறது. இதுவும் பகிர்தல்தானே?

நூலகம், காப்பிக் கடை, சமூக மன்றத்தின் கீழ்த்தளம், புளோக்குக்குக் கீழே இருக்கும் கல் மேசை, இவற்றையெல்லாம் "இலவச கோவொர்க்கிங்" என்று இங்கே எழுதுகிறார்கள். அது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அவை பொது இடங்கள். அங்கே எனக்கு இருப்பது எல்லாருக்கும் இருக்கும் உரிமைதான். வயர்லெஸ்@எஸ்ஜி என்ற இலவசப் பொது வைஃபை 2006ல் வந்த பிறகு மடிக்கணினியோடு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆகிவிட்டது. அதனால் அந்த இடம் அலுவலகம் ஆகிவிடாது. ஏ லெவல் தேர்வு நேரத்தில் பாருங்கள், காலை பத்து மணிக்கே ஒரு நாற்காலி காலியாக இருக்காது. அந்தப் பிள்ளைகளிடம் "எனக்கு டெட்லைன் இருக்கிறது, எழுந்திரு" என்று சொல்ல முடியுமா? சொல்லவும் கூடாது.

உணவங்காடியில் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசையைச் "சோப்" பண்ணுவது, அதாவது இடம் பிடிப்பது, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு நடக்கும். நூலகத்தில் பையை வைத்துவிட்டு ஒன்றரை மணி நேரம் சாப்பிடப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பாரி அண்ணாவின் கேள்விக்கு நூலகத்தில் பதில் "இருக்காது, இருக்கவும் கூடாது".

ஆவணம் ஆனந்தி எழுதியது:

நான் ஒரு சட்ட அலுவலகத்தில் ஆவணங்கள் தயாரிக்கும் பிரிவில் இருக்கிறேன். பொதுவாகச் சொல்கிறேன், தனிப்பட்ட சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர்ப்பலகையை நம்பாதீர்கள் என்று பாரி சொன்னது சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. 1985ல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை ஸ்ட்ரீட் எதிர் மவுன்ட்ஃபோர்ட் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. ஒப்பந்தத்தின் தலைப்பில் "அனுமதி" என்று எழுதியிருந்தாலும் சரி, ஒரு காலத்துக்கு வாடகை வாங்கிக்கொண்டு இடத்தை ஒருவரின் முழு வசத்தில் விட்டால் அது குத்தகைதான். சிங்கப்பூரிலும் நீதிமன்றங்கள் சாரத்தைத்தான் பார்க்கின்றன.

கோவொர்க்கிங் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் நிற்கும்படி எழுதப்படுகின்றன. கையெழுத்துப் போடுமுன் ஒரு வரியைத் தேடுங்கள்: "தேவைப்பட்டால் உங்களை இதே அளவுள்ள வேறு அறைக்கு மாற்றலாம்" என்று இருக்கும். எந்த நேரமும் உள்ளே வந்து சுத்தம் செய்யலாம், பார்வையிடலாம் என்றும் இருக்கும். அப்படியானால் கதவில் உங்கள் நிறுவனத்தின் பெயரை ஒட்டியிருந்தாலும் அந்த அறை உங்கள் முழு வசத்தில் இல்லை. நீங்கள் உறுப்பினர், குத்தகைதாரர் இல்லை.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். நடத்துபவர் கட்டடக்காரரிடம் நீண்ட காலக் குத்தகை எடுக்கிறார். அதை வெட்டி மாதக் கணக்கில் உங்களுக்குத் தருகிறார். அவருடைய குத்தகை போனால் உங்கள் அறையும் போகும். கட்டடக்காரரோடு உங்களுக்கு எந்த ஒப்பந்தமும் கிடையாது. நடத்தும் நிறுவனம் கலைக்கப்பட்டால் நீங்கள் கட்டிய முன்பணத்துக்குப் பிணை ஏதும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்பீர்கள். வீவொர்க் 2010ல் நியூயார்க்கில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவிய நிறுவனம். 2023 நவம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு, 2024 ஜூனில்தான் அதிலிருந்து வெளியே வந்தது. நீண்ட காலக் கடப்பாடு ஒரு பக்கம், மாதக் கணக்கு வருமானம் இன்னொரு பக்கம் என்ற இந்த அமைப்பில் எவ்வளவு பெரியவருக்கும் அந்த ஆபத்து உண்டு.

ஆகவே என் கேள்வி: அந்த இடம் யாருடைய வசத்தில் இருக்கிறது, உங்கள் பணம் யாரிடம் இருக்கிறது?

தேக்கா மல்லிகா எழுதியது:

எல்லாரும் மேசை, நாற்காலி, மடிக்கணினி என்றே பேசுகிறீர்கள். வேலை என்றால் அது மட்டும்தானா? கொஞ்சம் எங்களையும் பாருங்கள்.

நான் வீட்டில் சமைத்து விற்றுத் தொடங்கியவள். வீட்டிலிருந்து சின்ன அளவில் உணவு விற்க சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தேவையில்லை. ஆனால் கேட்டரிங் செய்யக் கூடாது. கல்யாண வீடு, பூஜை, அலுவலக விருந்து என்று ஆர்டர் வர ஆரம்பித்ததும் உரிமம் பெற்ற சமையற்கூடம் தேவைப்பட்டது. தனியாக ஒன்று எடுக்க எனக்கு வசதி இல்லை. அதனால் பகிர்ந்து பயன்படுத்தும் சமையற்கூடத்துக்குப் போனேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

உங்கள் மேசைக் கேள்வியை அங்கே கேட்டுப் பார்ப்போம். அடுப்பு என்னுடையது இல்லை, நேரம்தான் என்னுடையது. அதிகாலை நாலு மணியிலிருந்து ஒன்பது வரை எனக்கு, பிறகு கேக் செய்யும் சீனப் பெண் ஒருவருக்கு. ஆனால் குளிர் அறையில் இடதுபக்கம் இரண்டாம் தட்டு என்னுடையது. பெட்டிக்குப் பெட்டி பெயர், என்ன பொருள், என்றைக்குச் செய்தது என்று ஒட்ட வேண்டும். ஒட்டாத பெட்டியை மேற்பார்வையாளர் கேட்காமல் குப்பையில் போடுவார். அவர் செய்வது சரிதான். என் சாம்பார் பொடி வாசனை அந்தப் பெண்ணின் வெண்ணெயில் ஏறிவிட்டால் அவருடைய நாள் முழுக்க வீண். அதனால் பொடிக்கு ரப்பர் விளிம்பு வைத்த டப்பா வாங்கினேன், அவர் வெண்ணெயை மூடி போட்ட பெட்டிக்கு மாற்றினார். எண்ணெய்க் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யும் செலவு எல்லாருக்கும் பொது. எரிவாயு அவரவர் பயன்படுத்தியதற்கு. அரவை இயந்திரம் என்னுடையது, நான் இல்லாத நேரத்தில் யாரும் தொடக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறேன்.

முக்கியமான ஒன்று. யாரோடு பகிர்கிறோம் என்பது எங்களுக்குச் சான்றிதழ் சம்பந்தப்பட்ட விஷயம். சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஹலால் சான்றிதழ் வேண்டும் என்றால் அந்த வளாகத்துக்குள் பன்றி இறைச்சி, மது எதுவும் வரக் கூடாது. ஒரு கூடத்தில் நாலு பேர் இருந்து ஒருவர் அப்படிச் சமைத்தால் மற்ற மூவருக்கும் வழி அடைந்துவிடும். சைவம் மட்டும் கேட்கும் வாடிக்கையாளர்கள் எனக்கு நிறைய உண்டு. "உங்கள் அடுப்பில் வேறு யார் என்ன சமைக்கிறார்கள்?" என்று அவர்கள் கேட்டால் நான் உண்மையைத்தான் சொல்ல வேண்டும். மேசையைப் பகிர்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது.

கிளமெண்டி கதிர் எழுதியது:

மல்லிகா அக்கா, அருமையான பதிவு. மேசை, கருவி என்று முதலிலேயே இரண்டாகப் பிரிப்பதுதான் சரி என்று இதைப் படித்ததும் உறுதியாகிறது. ஒன்-நார்த்தில் பயோபோலிஸ் என்ற உயிரியல் ஆய்வு வளாகம் 2003ல் திறந்ததிலிருந்து அந்த வட்டாரத்தில் ஆய்வுக்கூடங்கள் பெருகின. அங்கேயும் இன்று பகிர்ந்து பயன்படுத்தும் ஆய்வுக்கூட இடங்கள் உண்டு. ஒரு சின்ன நிறுவனம் தனியாக வாங்க முடியாத இயந்திரத்துக்காகத்தான் அங்கே போகிறார்கள். மர வேலை, முப்பரிமாண அச்சு, மட்பாண்டச் சூளை எல்லாமே இந்தப் பக்கம் வரும். இவர்களுக்கு இடம் இரண்டாவது, இயந்திரம்தான் முதல்.

வரைபடம் எழுதியது:

கட்டடக் கலைஞர் அலுவலகத்தில் அனுமதி விண்ணப்பங்களைப் பார்ப்பவன் நான். ஒரு வகைப்பாடு ஏற்கெனவே இருக்கிறது, அதை நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் பின்பற்றித்தான் ஆக வேண்டும். நகர மறுசீரமைப்பு ஆணையம் இடத்தை என்ன பயனுக்கு அனுமதித்திருக்கிறது என்பதுதான் அது.

பி1 எனப்படும் இலகுரகத் தொழில்துறைக் கட்டடங்களில் வாடகை குறைவு. அதனால் "கிரியேட்டிவ் ஸ்டுடியோ", "ஆபிஸ் ஸ்பேஸ்" என்று விளம்பரம் வரும். ஆனால் அங்கே 60-40 விதி இருக்கிறது. குறைந்தது 60 விழுக்காடு இடம் தொழில்துறைப் பயனுக்குப் போக வேண்டும். அதற்குத் துணையான அலுவலகம் போன்றவை 40 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மென்பொருள் உருவாக்கம், சில ஊடக வேலைகள் போன்றவற்றைத் தொழில்துறைப் பயனாகவே ஏற்கிறார்கள். கணக்கர் அலுவலகம், சட்ட அலுவலகம், பயண முகவர் எல்லாம் அதில் வராது. ஒரே அறை, ஒரே நாற்காலி, மென்பொருளாளர் உட்காரலாம், கணக்கர் உட்காரக் கூடாது. நடத்துபவர் "பிரச்சினை இல்லை" என்று சொன்னாலும் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

தொழிற்சாலைக் கட்டடமும் ஒரு பகிர்வுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். சிங்கப்பூரில் 1960களிலேயே அடுக்குமாடித் தொழிற்சாலைகள் கட்டினார்கள். தனி நிலம் வாங்க முடியாத சின்னத் தொழில் நடத்துபவர்கள் ஒரு கட்டடத்தில் மாடிக்கு மாடி இருந்துகொண்டு சரக்கு மின்தூக்கியையும் லாரி நிற்கும் இடத்தையும் பகிர்ந்தார்கள். ஆயர் ராஜா கிரசெண்டில் இருக்கும் புளோக் 71 அப்படி ஒரு கட்டடம். இடிக்கப்பட இருந்ததை 2011ல் புதுத்தொழில் நிறுவனங்களுக்கு மாற்றினார்கள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் என்யுஎஸ் எண்டர்பிரைஸ், சிங்டெல் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இன்னோவ்8, அப்போதைய ஊடக வளர்ச்சி ஆணையம் மூன்றும் சேர்ந்து நடத்தின. இன்று அதைச் சுற்றி இருப்பதுதான் அரசாங்கத் தொழிற்பேட்டை அமைப்பான ஜேடிசியின் லாஞ்ச்பேட். அங்கே இடம் கிடைக்க வாடகை மட்டும் போதாது, நீங்கள் என்ன தொழில் செய்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். புதுத்தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் வகைக்கு அது நல்ல அடையாளம். யாரை உள்ளே விடுவது என்று தேர்ந்தெடுக்கிறார்கள்.

முன்மேசை முபாரக் எழுதியது:

நான் ஒரு கோவொர்க்கிங் நிறுவனத்தில் கம்யூனிட்டி மேனேஜர். எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன், விளம்பரத்துக்காக இல்லை, அதனால் நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை.

கதிர் சொன்ன "பக்கத்தில் இருப்பவரின் பெயர்" விஷயத்தை நான் தினமும் பார்க்கிறேன். என் மாடியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள். அதில் பெரும்பாலானவர்கள் பெரிய நிறுவனங்களின் ஊழியர்கள். நிறுவனம் ஒரு பக்கத்தையே மொத்தமாக எடுத்துத் தன் ஆட்களை உட்கார வைத்திருக்கிறது. அவர்கள் தங்களுக்குள் பழகுகிறார்கள், தனியாக வந்தவரோடு பேசுவதில்லை. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை இருந்த சர்க்கியூட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கத்துக்குப் பிறகு இந்த மாற்றம் வேகமாக வந்தது. 2024 டிசம்பர் 1 முதல் நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்பதற்கு அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நடப்பில் இருக்கிறது. ஊழியர் எழுத்தில் கேட்டால் முதலாளி 2 மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக்குப் பக்கத்தில் வேலை பார்க்கிறேன்" என்று கேட்டு வாங்கியவர்கள் தெம்பனிஸ், ஜூரோங் ஈஸ்ட் பக்கம் இடம் தேடுகிறார்கள். அவர்களுக்கு நண்பர்கள் தேவையில்லை. வீட்டில் மூன்று பிள்ளைகள் இருக்கும்போது ஒரு கதவு தேவை, அவ்வளவுதான்.

ஆகவே ஒரே மாடியில் மூன்று வகை இடம் இருக்க முடியும் என்பதை வகைப்பாட்டில் சொல்லுங்கள். கட்டடத்தை வகைப்படுத்தாமல் ஒப்பந்தத்தை வகைப்படுத்துங்கள். அப்புறம் ஒன்று, தனியாக வருபவரை நாலு பேருக்கு அறிமுகம் செய்து வைப்பதுதான் என் வேலையில் எனக்குப் பிடித்த பகுதி. போன வருடம் ஒரு கணக்கரையும் பூக்கடை வைத்திருக்கும் அம்மாவையும் பேச வைத்தேன், இன்று அவர்தான் அந்தக் கடையின் கணக்கைப் பார்க்கிறார். சேர்வதற்கு முன் ஒரு நாள் பாஸ் எடுத்து மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சமையல் மேடைப் பக்கம் போய் நில்லுங்கள். மைக்ரோவேவ் முன்னால் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்தாலே அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

உட்லண்ட்ஸ் ஆசிரியை எழுதியது:

துணைப்பாடம் நடத்துபவர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. வீவக, அதாவது அரசாங்க வீடமைப்புக் கழகத்தின் வீட்டில் ஒரே நேரத்தில் 3 மாணவர்களுக்கு மேல் சொல்லிக்கொடுக்கக் கூடாது. மாணவர் கூடினால் சிலர் கோவொர்க்கிங் கூட்ட அறையை மணிக் கணக்கில் எடுத்துப் பாடம் நடத்துகிறார்கள். அலுவலகப் பயன் வேறு, வணிகப் பள்ளிப் பயன் வேறு என்பதை "வரைபடம்" ஐயா இன்னும் விளக்கினால் நல்லது. 10 மாணவர்கள், அதற்கு மேல் என்றால் கல்வி அமைச்சில் பதிவும் செய்ய வேண்டும். நான் இப்போது ஒரு நடன ஆசிரியையின் வகுப்பறையைப் பகல் நேரத்தில் பகிர்ந்துகொள்கிறேன். பள்ளிக்கான அனுமதி ஏற்கெனவே அந்த இடத்துக்கு இருக்கிறது. சலங்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் என் வெண்பலகை நிற்கிறது, எங்களுக்குள் ஒரு சச்சரவும் வந்ததில்லை.

வரைபடம் எழுதியது:

டீச்சர் சொல்வது சரி. அலுவலகமாக அனுமதி பெற்ற இடத்தில் தொடர்ந்து வகுப்பு நடத்துவது வேறு பயன். ஒருநாள் பயிற்சிப் பட்டறைக்கும் வாரந்தோறும் நடக்கும் டியூஷனுக்கும் வித்தியாசம் இருக்கிறது. நடத்துபவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

ஜூரோங் ஜெயந்தன் எழுதியது:

வணக்கம், நான் புதியவன். நானும் என் மனைவியும் உடற்பயிற்சி உடை இறக்குமதி செய்து இணையத்தில் விற்கத் திட்டமிட்டிருக்கிறோம். பிரைவேட் லிமிடெட் பதிவு செய்யப் போகிறோம். மாதக் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று விர்ச்சுவல் ஆபிஸ் எடுக்கலாமா என்று பார்க்கிறேன். உங்கள் வகைகளில் அது எங்கே வரும்? வீட்டு முகவரியே போதுமா?

ஆவணம் ஆனந்தி எழுதியது:

ஜெயந்தன், வரவேற்கிறோம். விர்ச்சுவல் ஆபிஸை நான் வேலை பார்க்கும் இடமாகவே எண்ணமாட்டேன். அங்கே நீங்கள் பகிர்வது முகவரியையும் கடிதம் வாங்கி வைக்கும் ஆளையும்தான். நிறுவனத்தின் பதிவு முகவரி சிங்கப்பூரில் இருக்கும் உண்மையான இடமாக இருக்க வேண்டும், அஞ்சல் பெட்டி எண்ணை நிறுவனங்களைப் பதிவு செய்யும் ஆணையமான அக்ரா ஏற்காது. வேலை நேரத்தில் மக்கள் வந்து அணுகக் கூடியதாகவும் இருக்க வேண்டும். விர்ச்சுவல் ஆபிஸ் நடத்துபவர் இதையெல்லாம் செய்து தருகிறாரா, சட்ட ரீதியான கடிதம் வந்தால் அன்றே உங்களுக்குச் சொல்வாரா என்று கேளுங்கள். நீதிமன்றக் கடிதம் ஒரு வாரம் தட்டில் கிடந்தால் கெடு கடந்துவிடும்.

வீட்டு முகவரிக்கும் வழி உண்டு. வீவக வீட்டில் ஹோம் ஆபிஸ் திட்டத்தின்கீழ் அனுமதி வாங்கி, அதைப் பதிவு முகவரியாகக் கொடுக்கலாம். வீட்டில் குடியிருக்காத ஊழியர்கள் 2 பேர் வரை வரலாம். ஆனால் வாசலில் விளம்பரப் பலகை வைக்க முடியாது. சரக்கு வந்து இறங்குவது, வாடிக்கையாளர் கூட்டம் வருவது என்று அக்கம்பக்கத்துக்குத் தொல்லை தரக் கூடாது.

பொங்கோல் பாரி எழுதியது:

ஜெயந்தன், உங்களுக்கு அலுவலகமே தேவையில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களுக்குத் தேவை பெட்டி வைக்க இடம். எத்தனை பெட்டி, வாரத்தில் எத்தனை முறை கூரியர் வரும் என்று சொல்லுங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.

எல்லாருடைய பதிவுகளையும் படித்த பிறகு வரைவை இப்படி எழுதுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

முதலில் கேட்க வேண்டியது, வேலைக்கு மேசை போதுமா, கருவி தேவையா என்பது. சமையற்கூடம், ஆய்வுக்கூடம், பட்டறை எல்லாம் கருவிப் பக்கம். அங்கே யாரோடு பகிர்கிறோம் என்பதை மல்லிகா அக்கா சொன்னபடி ஒப்பந்தத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மேசைப் பக்கம் வந்தால், விட்ட பொருள் நாளை இருக்குமா என்று கேட்கலாம். நூலகமும் காப்பிக் கடையும் இந்தப் பட்டியலுக்கு வெளியே, பொது இடங்கள் என்ற தனிக் குறிப்பில் நிற்கும், வாசகி சொன்னதை அப்படியே அங்கே போடுகிறேன். கடைத்தொகுதிகளில் நிமிடக் கணக்கில் எடுக்கும் போன் பூத்தும், அதாவது ஒருவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் சின்னக் கூண்டும், ஹாட் டெஸ்க்கும் "இருக்காது" என்ற வகையில் வரும். நிரந்தர மேசையும் பூட்டிய அறையும் "இருக்கும்" என்ற வகையில். பூட்டிய அறையிலும் ஆனந்தி சொன்ன "வேறு அறைக்கு மாற்றலாம்" என்ற வரி இருந்தால் அது குத்தகை இல்லை என்று எழுதுகிறேன். விர்ச்சுவல் ஆபிஸ் முகவரிச் சேவை என்ற தலைப்பில் தனியாகப் போகும். எந்த வகையானாலும் அந்த இடத்தின் அனுமதிக்கப்பட்ட பயன் உங்கள் தொழிலுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அதைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

கதிருடைய கேள்வியை நான் வகையாக வைக்கவில்லை. எந்த வகை இடத்திலும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்கலாம், அறியாமலும் இருக்கலாம். முபாரக் சொன்ன மைக்ரோவேவ் சோதனையோடு அதைச் சேர்த்து "சேருமுன் பார்க்க வேண்டியவை" என்று எழுதுகிறேன்.

கிளமெண்டி கதிர் எழுதியது:

ஒரு திருத்தம் மட்டும் கேட்கிறேன் பாரி. உறுப்பினர்களே சேர்ந்து நடத்தும் இடத்தைத் தனி வகையாகவே வையுங்கள். அங்கே கட்டணம் கட்டுபவரும் முடிவெடுப்பவரும் ஒரே ஆட்கள். வாடகையை ஏற்றலாமா, இந்த நபரைச் சேர்க்கலாமா, ஞாயிற்றுக்கிழமை திறக்கலாமா, எல்லாம் கூட்டம் போட்டுப் பேசி முடிவெடுப்போம். வேறு எந்த இடத்திலும் வாடிக்கையாளருக்கு அந்த அதிகாரம் கிடையாது. இதை நட்புக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், இது நிர்வாகம் பற்றியது.

பொங்கோல் பாரி எழுதியது:

சரி, சேர்க்கிறேன். "யார் நடத்துகிறார்கள்?" என்று ஒரு வரி: நிறுவனம், அரசாங்கம் அல்லது பல்கலைக்கழகம் சார்ந்தது, உறுப்பினர்கள். புளோக் 71ம் ஹேக்கர்ஸ்பேஸும் அதிலேயே பிரிந்துவிடும்.

ஜூரோங் ஜெயந்தன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முதலில் வருவது நாற்பது பெட்டி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். கூரியர் வாரம் மூன்று நாள். வீட்டில் வைத்தால் தாழ்வாரத்துக்கு வந்துவிடும்.

வரைபடம் எழுதியது:

தாழ்வாரத்தில் வைக்கவே கூடாது. அது தீ நேர்ந்தால் வெளியேறும் பாதை, குடிமைத் தற்காப்புப் படை சும்மா விடாது. பி1 கட்டடத்தில் பகிர்ந்த கிடங்கு இடம் தேடுங்கள். சரக்கு மின்தூக்கி எத்தனை மணி வரை ஓடும், லாரி நிற்கக் கட்டணம் தனியா என்று கேளுங்கள். சேமித்து வைப்பது தொழில்துறைப் பயனாக ஏற்கப்படுவதுதான். ஆனால் வாடிக்கையாளரை அங்கேயே வரவழைத்து உடை போட்டுப் பார்க்க விட்டால் அது கடை. பி1ல் அதற்கு வேறு அனுமதி வேண்டும்.

தேக்கா மல்லிகா எழுதியது:

தம்பி, இடத்தைப் பார்க்கப் போகும்போது மழை பெய்யும் நாளாகப் பார்த்துப் போங்கள். துணிப் பெட்டி, ஈரம் பட்டால் போச்சு. எங்கள் சமையற்கூடம் இருக்கும் கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒருவர் கிடங்கைப் பாதியாகப் பிரித்துத் தருவதாகச் சொன்னார். திங்கட்கிழமை கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.